ஊர் வரி போட்டுத் தரகர் கையில் கொடுக்காதீர்கள்

கேள்வி: சிவகங்கை மாவட்டம் கல்லல் ஒன்றியத்தில் 140 வீடுள்ள ஊர் எங்களுடையது. போர் தண்ணீர் உவர்ப்பு, பருப்பு வேகாது. காவிரித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான். டெல்லி மானியத்தில் 15 லட்சத்துக்கு, தண்ணீரில் உப்பை நீக்கும் ஆர்.ஓ. பிளான்ட் போட்டுத் தருவதாக ஒருவர் வருகிறார். மக்கள் பங்கு பத்து சதவீதம், 1,50,000 ரூபாயை அவருடைய டிரஸ்ட் கணக்கில் கட்ட வேண்டுமாம். ஃபைல் செலவு தனி. ஊரில் தலைக்கட்டு வரி போட்டுக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். வசூல் நோட்டு போடுவதற்கு முன் இதை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. அதனால்தான் ஊர் நம்புகிறது. 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் மக்கள் பங்கு என்று ஒன்று உண்டு. ஊருக்குள் நடக்கும் வேலையின் மதிப்பில் பத்து சதவீதம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊருக்கு ஐந்து. பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை, உழைப்பாகவோ பொருளாகவோ தரலாம். ஆனால் அது வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் திட்டம். மதிப்பீடு தயாராகி, கிராமக் குடிநீர்க் குழு வழியாக ரசீதோடு வாங்க வேண்டிய பணம். ஒரு தனி ஆளின் டிரஸ்ட் கணக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'ஃபைல் செலவு' என்ற பெயரில் எந்த அரசு மானியத்திலும் பொதுமக்களிடம் வசூல் கிடையாது.

இப்படிப்பட்டவர்கள் கையோடு ஒரு சின்னக் கருவியும் கொண்டுவருவார்கள். இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கம்பிகளை இறக்கி, பிளக்கில் செருகுவார்கள். உங்கள் தண்ணீர் ஒரே நிமிடத்தில் சாக்கடை மாதிரி பழுப்பாகிவிடும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், கம்பி கரையும். உப்பு நீக்கிய தண்ணீரில் பாயாது, அவ்வளவுதான். அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செருகச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

முதலில் வேண்டியது பரிசோதனை அறிக்கை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, இரண்டு லிட்டர் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்குப் பாட்டில் கூடத்திலேயே தருவார்கள். அதை அலசக் கூடாது, ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு ஆதாரம் இல்லாத ஊரில் 2000 வரை அனுமதி உண்டு. புளோரைடு 1.5-ஐயும் நைட்ரேட் 45-ஐயும் தாண்டக் கூடாது. இவை இரண்டும் நாக்குக்குத் தெரியாது, தரகர் சட்டைப்பையில் இருக்கும், மொத்தக் கரைந்த உப்பை மட்டும் காட்டும் டி.டி.எஸ். பேனாவும் தனியே காட்டாது.

அடுத்து, உங்களுக்கு ஏற்கெனவே சேர வேண்டிய தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அரசே வைத்த கணக்கு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் 560 பேர், 30,800 லிட்டர். அதாவது 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று தினமும் நிரம்ப வேண்டும். எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு நிரம்புகிறது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். அதைக் கிராம சபைத் தீர்மானமாக்கி ஒன்றியத்துக்கும் வாரியத்துக்கும் அனுப்புங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கூடும். வெறும் 'தண்ணீர் வரவில்லை' என்று மனு கொடுத்தால் ஒன்றியம் வாரியத்தைக் காட்டும், வாரியம் ஒன்றியத்தைக் காட்டும். குழாயின் கடைசியில் இருக்கும் ஊர்களை இப்படியே வருடக்கணக்கில் அலைக்கழிக்கிறார்கள், இது பெரிய அநியாயம். லிட்டர் கணக்கோடு தீர்மானம் போனால் யாராவது ஒருவர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

மானியம் என்றால் நேர்வழிகள் உண்டு. 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கென்றே கட்டிப்போட்ட பணம். உங்கள் ஊராட்சியில் அது எதற்குச் செலவானது என்று கேளுங்கள். எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதியில் கேட்கலாம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் பாதுகாப்பான குடிநீர் சட்டத்திலேயே பட்டியலிட்ட செலவு. ஊராட்சித் தீர்மானமும் பரிசோதனை அறிக்கையும் வைத்து நேரே எழுதுங்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு போடும். தரகர் கேட்கும் அதே 1,50,000 ரூபாய் அங்கே 4,50,000 ரூபாய் வேலையாகும். சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும் ஊர்க்காரர் கொடுத்தாலும் மக்கள் பங்குதான்.

உங்கள் செட்டிநாட்டுப் பக்கம் வேலை முடங்குவது பெரும்பாலும் இடத்தால். அரசுப் பணத்தைப் பட்டா நிலத்தில் போட முடியாது. ஊருணியை ஒட்டிப் போடலாம் என்பார்கள், 'அது அந்த வீட்டாருடையது' என்று யாராவது சொன்னதும் பேச்சு நின்றுவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். படித்துறையும் சுற்றுச்சுவரும் நகரத்தார் கட்டியதாகவே இருக்கட்டும், பதிவேட்டில் ஊருணிப் புறம்போக்கு என்றிருந்தால் யாருடைய சம்மதக் கடிதமும் சட்டப்படி வேண்டியதில்லை (மரியாதைக்குச் சொல்லிவிடுவது வேறு). குடும்பப் பட்டா என்றால் தேவையான சென்ட் அளவுக்கு ஊராட்சி பெயரில் பதிவு செய்த தானப் பத்திரம் வேண்டும், பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரைத்தாளில் ஒருவர் எழுதித் தரும் சம்மதம் செல்லாது. அறக்கட்டளைச் சொத்தில், தானம் கொடுக்க அறங்காவலருக்கு அதிகாரம் உண்டா என்று மூலப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் காத்திராமல் மேல்நிலைத் தொட்டி அருகில் புறம்போக்கு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை பார்த்த பிறகும் ஆர்.ஓ.தான் என்றால், வீட்டுக்கு ஒரு 20 லிட்டர் குடம் வீதம் தினமும் 2,800 லிட்டர். மணிக்கு 500 லிட்டர் இயந்திரம் ஆறு மணி நேரம் ஓடினால் போதும். உள்ளே போகும் தண்ணீரில் பாதியோ அதற்கு மேலோ கழிவாக வரும். அதைப் போருக்குப் பக்கத்தில் விட்டால் அந்த உப்பு மறுபடி போருக்கே இறங்கும். சுண்ணாம்பு படியும் தண்ணீரில், அந்தப் படிவைத் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்து கேன் தீர்ந்து, வாங்க ஆளில்லாமல் ஓட்டினால் உப்பை வடிகட்டும் மெம்பரேன் சில மாதத்திலேயே அடைத்துவிடும். ஒழுங்காகப் பார்த்தால் இரண்டு மூன்று வருடம் வரும். மருந்து, ஃபில்டர், கரண்ட் பில், ஆள் சம்பளம் யார் பொறுப்பு என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

யாராவது முன்பணம் அனுப்பிவிட்டார்களா? போனில் அனுப்பியிருந்தால் இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். கையில் கொடுத்திருந்தால் அந்தத் துண்டுச்சீட்டு ரசீதோடு காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும்.