ஒரே அச்சில் நூறு சிங்கம்

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் பால்டிமோரில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் மவுண்ட் வெர்னன் சதுக்கம். அங்கே பார்யே என்ற பிரெஞ்சுச் சிற்பி செய்த வெண்கலச் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் போகிறேன். போன மாதம் ஒரு பழம்பொருள் கடையில் முயலைத் தின்னும் ஜாகுவார் சிலை ஒன்றைப் பார்த்தேன். பீடத்தில் பார்யே கையெழுத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டு என்கிறார் கடைக்காரர். விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. ஆனால் இதே ஜாகுவார் வேறு எத்தனையோ இடங்களில் இருக்கிறதாமே? நம் சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவதால், ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். அச்சில் வரிசையாக வார்த்துத் தள்ளியதைக் கலை என்று சொல்ல முடியுமா? வாங்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

பிரெஞ்சுக்காரர்கள் அவர் பெயரைப் பாரி என்றுதான் சொல்கிறார்கள். அந்துவான்-லூயி பாரி. நானும் வெகுநாள் பார்யே என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது: வார்ப்போடு சிலை முடிந்துவிடுகிறது என்பது. சுவாமிமலை ஸ்தபதியிடம் கேட்டால் ஒப்புக்கொள்ளவே மாட்டார். மண்ணை உடைத்து எடுக்கும்போது வருவது கரடுமுரடான உலோகம். கண்ணும் விரலும் மாலையும் அதற்குப் பிறகு, உளியால் செதுக்கித் திருத்தும் நகாசு வேலையில்தான் தெளிகின்றன. பாரியின் வெண்கலத்துக்கும் இது பொருந்தும்.

பாரி பாரிஸில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதிலேயே உலோகத்தில் செதுக்கும் வேலைக்குப் போனார். 1823 முதல் 1831 வரை ஃபோக்கொன்னியே என்ற பொற்கொல்லரின் பட்டறையில் வேலை. சிற்பி, ஓவியர் இருவரிடமும் படித்திருந்தாலும் அவர் கை பழகியது இந்தச் சின்ன உளிகளில்தான். மீதி நேரமெல்லாம் ழார்தான் தெ ப்ளாந்த் தாவரத் தோட்டத்தின் மிருகக் கூண்டுகள் முன்னால். விலங்கு செத்தால் அறுக்கும் இடத்துக்கும் போவார். எலும்பு எத்தனை நீளம், தசை எங்கே தொடங்கி எங்கே பிடிக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்வார். ஓவியர் டெலாக்ராவும் கூட வருவார். அவர் பாரிக்கு எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. சிங்கம் செத்துவிட்டது, பாய்ந்து வாருங்கள் என்று. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு பொங்கும். இரண்டு இளைஞர்கள், ஒரு செத்த சிங்கம், அழுகுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம்!

பாரிஸின் பெரிய கலைக் கண்காட்சியான சலோனில் 1831-ல் அவர் வைத்தது கங்கையின் நீள்மூக்கு முதலையைத் தின்னும் புலி. 1833-ல் பாம்பை மிதிக்கும் சிங்கம். அந்தச் சிங்கத்தின் வெண்கல வார்ப்பு 1836-ல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் நின்றது, இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் அதன் முன்னால் ஒரு மதியம் முழுக்க நின்றிருக்கிறேன். வீரமான சிங்கம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். அது அருவருத்துப் பின்வாங்குகிறது. முன்பாதம் பாம்பை அமுக்குகிறது, உடம்பெல்லாம் பின்னால் இழுக்கிறது. உதடு சுருண்டு பல் தெரிகிறது. பாதத்தில் விரல்கள் விரிந்து நகம் வெளியே வந்திருக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். நகத்தை இழுக்கும் தசைநாண் தோலுக்கு அடியில் ஓடுவது தெரியும். அறுத்துப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்.

இந்தப் புலியும் சிங்கமும் ஒனோரே கொனோன் என்ற வார்ப்புக்காரர் மெழுகு முறையில் வார்த்தவை. அதாவது உங்கள் சுவாமிமலை முறை. ஆக, பாரிக்கு அது தெரியாமல் இல்லை. அப்புறம் ஏன் அச்சுக்குப் போனார்? பிரெஞ்சு இளவரசரான ஓர்லேயான் கோமகனின் விருந்து மேசைக்காக வேட்டைக் காட்சிகளாக ஒரு பெரிய தொகுப்பு செய்தார். நடுவில் யானை மேல் இந்தியர்கள் புலி வேட்டை ஆடுவது. 1837-ல் சலோன் நடுவர்கள் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு 1850 வரை அவர் சலோன் பக்கமே போகவில்லை. சொந்தமாகப் பட்டறை வைத்து, விலைப்பட்டியல் அச்சடித்து, சாதாரண வீட்டு மேசையில் வைக்கிற அளவில் சிறு வெண்கலங்களை விற்றார். அதிலும் கடன் ஏறி, அவருடைய மூல மாதிரிகளே கடன் கொடுத்தவர் கைக்குப் போய், 1857-ல்தான் திரும்பி வந்தன. மேசை வேட்டைகள் ஐந்தும் இன்று உங்கள் ஊர் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. சிங்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறீர்கள். சதுக்கத்தைத் தாண்டி உள்ளே போங்கள்!

சரி, அச்சுக்கு வருவோம். முதலில் விலங்கை வெண்கலத்திலேயே ஒரு மூலப்படியாக வார்ப்பார்கள். அதை உளியால் கடைசி மயிர் வரை தெளிவாக்குவார்கள். பெரும்பாலும் கால், வால், தலை எல்லாம் தனித்தனியாகக் கழற்றிப் பூட்டும்படி இருக்கும். அதை இரும்புச் சட்டத்துக்குள் நுண்ணிய மணலில் அழுத்தி எடுப்பார்கள். பாரிஸை அடுத்த ஃபோந்தெனே-ஓ-ரோஸில் கிடைத்த மணலுக்குத் தனி மதிப்பு. லேசாகக் களி கலந்தது, கைரேகைகூடப் பதியும். அந்தப் பள்ளத்தில் வெண்கலத்தை ஊற்றுவார்கள். பாகங்களைப் பொருத்தி, மூட்டு தெரியாமல் தட்டி, அரம் போட்டு, உளி பிடித்து மறுபடி முழு நகாசு வேலை. கடைசியில் சூடேற்றி அமிலம் தடவி நிறம் ஏற்றுவார்கள். பாரியின் பச்சை நிறம் பெயர் பெற்றது. பழுப்புக்கு மேல் பச்சை, பச்சைக்குள்ளே மறுபடி பழுப்பு எட்டிப் பார்க்கும்.

இந்த நகாசு வேலை ஒவ்வொரு படிக்கும் புதிதாக நடந்தது. அதனால்தான் ஒரே அச்சின் இரண்டு படிகள் ஒன்றுபோல இருப்பதில்லை. நூறு படி இருப்பது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. அரண்மனைக்கு என்று செய்ததை ஒரு பள்ளி ஆசிரியர் தன் மேசையில் வைத்திருக்க முடிந்தது என்றால் அது பாரியின் பெருமை. குறை வருவது வேறு இடத்தில்.

பாரி 1875-ல் இறந்தார். அடுத்த ஆண்டு நடந்த ஏலத்தில் பார்பெதியென் என்ற வார்ப்பு நிறுவனம் மூலப்படிகள் பலவற்றை வாங்கித் தொடர்ந்து வார்த்தது. பெரும்பாலும் நல்ல வேலை, நேர்மையான வேலை. அதற்கு வெளியே, விற்ற சிலையையே அச்சாக வைத்து யார் யாரோ வார்த்தார்கள், இன்றும் வார்க்கிறார்கள். கையெழுத்து மாதிரியிலேயே இருப்பதால் அதுவும் கூடவே வந்துவிடும். ஆகவே பீடத்துக் கையெழுத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நானே ஏமாந்திருக்கிறேன். பாரிஸில் ஒரு கடையில் மேன் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிற்பியின் கையெழுத்தோடு ஒரு வேட்டை நாய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். கால் விரல்களின் இடுக்கு, கரைந்த சோப்பு மாதிரி மழுங்கிக் கிடந்தது. கவிழ்த்தால் புத்தம்புது கூட்டல்குறித் திருகாணி. அன்று இரவு தூங்கவில்லை. பணம் போனதைவிட, அந்த நாயின் பாதத்தில் உளியே படவில்லை என்பதுதான் உறுத்தியது.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஜாகுவாரின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை சுருங்கும். சிலையிலிருந்து எடுத்த சிலை அந்த அளவுக்குச் சிறுத்திருக்கும். அருங்காட்சியகங்கள் அளவுகளை வெளியிடுகின்றன, ஒப்பிடுங்கள். ஆனால் ஒரே மாதிரியைப் பல அளவில் செய்ததும் உண்டு, அதையும் கவனியுங்கள். கவிழ்த்துப் பாருங்கள், கண்ணில் படாத ஒரு இடத்தில் லேசாகக் கீறச் சொல்லுங்கள். பொன் நிறம் தெரிந்தால் வெண்கலம், சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாகம்.

இவ்வளவும் தேறினால் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். பாரி அந்த ஜாகுவாரைச் செய்யும்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. தரையோடு பதுங்கி, காது பின்னால் மடங்கி, உலகத்தையே மறந்து தின்கிறது. முயல் துணி மாதிரி தொங்குகிறது. தோளெலும்பு இரண்டும் முதுகைவிட உயர்ந்து நிற்கிற இடத்தையும், முயலின் காது விளிம்பையும் பாருங்கள். அங்கே உளியின் கோடு கூர்மையாக இருந்தால், அது எத்தனையாவது படியாக இருந்தாலும் வாங்கலாம் என்பேன்.

வாங்கினால் பித்தளைப் பாத்திரம் மாதிரி பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அந்தப் பச்சை திரும்ப வராது. முயலின் காதைக் கிட்டப்போய் ஒரு படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.