கையால் தைத்த போர்வையில் பெயர் போடுவது எப்படி? கேள்வி பதில்

மன்னார்குடி வாசகி: பழைய சேலைகளை ஒட்டிப் பேத்திக்குப் போர்வை தைத்திருக்கிறேன். பெயரை எதால் எழுதுவது?

நூலால் எழுதுங்கள் அம்மா. இரண்டு இழை நூலில் காம்புத் தையல் (ஒரு தையலின் பக்கத்திலேயே அடுத்தது ஒட்டி ஓடும் தையல்) போட்டால் ழ, ண போன்ற சுழி எழுத்துகள் வளைந்து வரும். விட்டு விட்டுப் போடுகிற ஓட்டுத் தையலில் உடைந்து நிற்கும். மைதான் வேண்டுமென்றால் துணியில் எழுதுகிற, தண்ணீரில் கரையாத பிக்மென்ட் மைப் பேனா வாங்குங்கள். பெயர் எழுதித் தைக்கக் காடாத்துணித் துண்டு ஒன்றைக் கஞ்சி போக அலசிக் காயவைத்து, அடியில் நைசான உப்புத்தாளை வையுங்கள், துணி நகராது. அழுத்தாமல் எழுதி, ஒரு நாள் விட்டு, தண்ணீர் தெளிக்காமல் இஸ்திரி போடுங்கள். அதே பேனாவால் வேறொரு துண்டில் எழுதித் துவைத்துப் பார்த்த பிறகுதான் போர்வைக்குப் போக வேண்டும்.

ஸ்கெட்ச் பேனா மட்டும் வேண்டாம். 2018 கஜா புயலில் எங்கள் டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அம்மா தைத்த போர்வை பிழைத்தது. மூலையில் நான் எழுதியிருந்த அவர் பெயர், உள்ளங்கை அகலத்துக்கு ஊதாக் கறையாகப் பரவியிருந்தது.

திருவாரூர் வாசகி: என்னென்ன எழுத வேண்டும் அக்கா?

தைத்தவர் பெயர், ஊர், மாதம், வருடம், யாருக்காக. அப்புறம், பலரும் விட்டுவிடுவது: சேலை யாருடையது. "அப்பாயியின் கூறைநாட்டுப் புடவை" என்று ஒரு வரி போதும். பட்டும் பருத்தியும் கலந்தது என்றால் அதையும் எழுதுங்கள், துவைக்கப்போகிறவருக்கு உதவும். உடுத்தியவர், தைத்தவர் இரண்டு பேரும் அந்தத் துணியில் இருக்கிறார்கள். ஒருவரை மட்டும் எழுதினால் பாதிதான்.

கும்பகோணம் வாசகி: கால்மாட்டில் பெயர் போடக் கூடாது, எழுத்து காலில் படும் என்கிறார் மாமியார்.

சீர்காழி வாசகர்: வெளிநாடுகளில் பின்பக்கம் கீழ் மூலையில்தானே போடுகிறார்கள்? அங்கேதான் தேயாது.

நன்னிலம் வாசகி: புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறோம். பெற்றவள் பெயரை மிதிக்கலாமா?

கும்பகோணம் மாமியார் பக்கம்தான் நான். தலைமாட்டில் போட்டால் எந்தப் பக்கம் முகத்துக்கு என்பதும் தெரிந்துவிடும், கால்பட்ட பக்கத்தை இழுத்துப் போர்த்த மாட்டோம். சீர்காழித் தம்பி சொல்கிற தேய்மானமும் உண்மை. கையால் பற்றி இழுப்பதும் தலை எண்ணெய் படுவதும் அங்கேதான். அதனால் பின்பக்கம், ஓரத்திலிருந்து நான்கு விரல் உள்ளே தள்ளித் தையுங்கள். இன்னொன்று: துண்டை மேலே ஒட்டாமல், அடித்துணியில் முதலிலேயே வைத்து, போர்வைத் தையல் அதன் மேலும் ஓடும்படி செய்தால் பிரித்தெடுக்க முடியாது.

நாகப்பட்டினம் வாசகர்: சலவைக்காரர்கள் துணிகளில் சலவைக்குறி போட்ட சேராங்கொட்டைச் சாறு அழியாதே, அதைப் பயன்படுத்தலாமா?

அழியாது, சரி. சுண்ணாம்பு சேர்த்தால் கன்னங்கரேல் என்று நிற்கும். ஆனால் அந்தச் சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும். சலவைக்குறி உரசிய இடத்தில் அரித்துப் புண்ணானவர்கள் உண்டு. பச்சைப் பிள்ளை போர்வையில் வேண்டவே வேண்டாம். அழியாத மை எல்லாமே நல்ல மை இல்லை. அமெரிக்காவில் 1840களில் நண்பர்கள் கையெழுத்திட்ட போர்வைகள் செய்தார்கள். சிலவற்றில் இரும்பு கலந்த மை துணியையே அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சியது.

பாபநாசம் வாசகி: ஸ்கெட்ச் பேனாவால் எழுதி இஸ்திரி போட்டால் நிற்குமா?

நிற்காது. மேலே சொல்லிவிட்டேன்.

பேராவூரணி வாசகி: கடையில் வாங்கிய ஸ்கெட்ச் பேனா...

வேண்டாம் தங்கச்சி. மன்னார்குடி பதிலைப் படியுங்கள்.

திருத்துறைப்பூண்டி வாசகி: இனிஷியல் அப்பாவுடையதா, வீட்டுக்காரருடையதா?

உங்கள் கையெழுத்தில் எது இருக்கிறதோ அது.

திருவையாறு வாசகி: பாட்டி தைத்த போர்வை இருக்கிறது. பெயரே இல்லை. அம்மாவுக்கு எண்பது வயது.

இன்று சாயங்காலமே போர்வையை அம்மா மடியில் விரித்து, ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக் கேளுங்கள். இது யார் சேலை, எந்தத் தீபாவளிக்கு எடுத்தது, மீதித் துணி எங்கே போனது? சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர்த்துண்டு நாளைக்குத் தைத்துக்கொள்ளலாம்.