மெக்சிகோவுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்

மெக்சிகோவின் குவாதலஹாரா நகருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பழக்கவழக்கம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். சம்பளக் கணக்கு மட்டும் வேண்டாம்.

கே: அக்கா, வணக்கம். அடுத்த மாதம் வேலைக்கு வருகிறேன். முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

ப: இப்போது நீங்கள் சொன்னீர்களே, அதைத்தான். கடைக்குள் நுழைந்தாலும் லிஃப்டில் ஏறினாலும் முன்பின் தெரியாதவர்களுக்கும் ‘புவெனோஸ் தியாஸ்’, ஸ்பானிஷில் காலை வணக்கம். மதியத்துக்கு மேல் ‘புவெனாஸ் தார்தெஸ்’. நம்மூரில் “அண்ணே, அரைக் கிலோ தக்காளி” என்று நேராகக் கேட்கலாம். இங்கே அப்படிக் கேட்டால் கடைக்காரர் முகம் சுருங்கிவிடும். ஓட்டலில் சாப்பிட்டு எழுந்து போகும்போது பக்கத்து மேசைக்கு ‘ப்ரொவேச்சோ’, அதாவது ‘நன்றாகச் சாப்பிடுங்கள்’ சொல்லுங்கள். ஒருவர் சொன்னது காதில் விழாவிட்டால் ‘கே?’ (‘என்ன?’) என்று கேட்டு வைக்காதீர்கள், ‘மாந்தே?’ என்பதுதான் மரியாதை. பெரியவர்களிடம் ‘உஸ்தெத்’, நம் ‘நீங்கள்’ மாதிரி. நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

கே: விசா முத்திரை வாங்கிவிட்டேன். அது போதுமா?

ப: வேலை விசா என்றால், நாட்டுக்குள் வந்த 30 நாளுக்குள் குடியேற்ற அலுவலகத்தில் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மற்றதை உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது?

ப: என் கதையைக் கேளுங்கள். வந்த புதிதில் கூட வேலை செய்தவர், “சனிக்கிழமை ஏழு மணிக்கு ‘சு காசா’வில் சந்திப்போம்” என்றார். ‘உங்கள் வீடு’ என்று அர்த்தம். நானும் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, நாற்பது மெதுவடை சுட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எட்டரைக்கு அவரே போன் செய்தார்: “எல்லோரும் வந்தாச்சு, நீங்கள் எங்கே?” தன் வீட்டைத்தான் மரியாதைக்கு ‘உங்கள் வீடு’ என்று சொல்லியிருக்கிறார்! வடையைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஓடினேன். பச்சை மிளகாய் சல்சாவில் தோய்த்து நாற்பதையும் காலி செய்தார்கள்.

ஏழு என்றால் ஏழரைக்கு மேல் போங்கள். ஏழுக்கே போனால் வீட்டுக்கார அம்மா குளித்துக்கொண்டிருப்பார். கிளம்பும்போது பொதுவாகக் கையை ஆட்டிவிட்டு நழுவக் கூடாது, ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கே அரை மணி நேரம் ஆகும்.

கே: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ப: ‘சின் கார்னே’, அதாவது கறி வேண்டாம் என்றால் கோழி வரும். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், ‘மான்தெகா’ உண்டா என்று கேளுங்கள். சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதும் உண்டு. பூசணிப்பூ வைத்த கெசடியா (மடித்துச் சுட்ட சோள ரொட்டி) கிடைத்தால் விடாதீர்கள்.

கே: நான் மெக்சிகோ சிட்டியில் இருக்கிறேன். கெசடியாவில் சீஸ் வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லவில்லையே?

ப: உங்கள் ஊரில்தான் அந்தக் கூத்து. ‘கேசோ’ என்றால் சீஸ், பெயரே அதிலிருந்துதான் வந்தது. சீஸ் இல்லாமல் கெசடியாவா?

கே (அவரே): அந்தப் பெயர் இங்குள்ள பழங்குடி மொழியான நஹுவாட்டிலில் இருந்து வந்தது என்கிறார்களே?

ப: யாரோ கேலிக்குக் கிளப்பிவிட்டது. என் எதிர்வீட்டுப் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், தோசைக்கல்லோடு வருவார். இந்த வழக்கை இதோடு மூடுகிறேன்.

கே: பாதுகாப்பான நாடா?

ப: இதைக் கேட்கும் நாலாவது ஆள் நீங்கள். தெருவுக்குத் தெரு மாறும், வீடு பார்க்கும்போது அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள்.

கே: நவம்பரில் கல்லறைத் திருவிழா பார்க்க வரலாமா?

ப: வரலாம். ஆனால் 1, 2 தேதிகளில் இறந்தவர்கள் வீடு திரும்புவதாக இங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். ஒரு குடும்பம் தாத்தா சமாதியில் பூ வைத்து, அவருக்குப் பிடித்த பீரைத் திறந்து வைத்திருக்கும்போது முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். கேட்டுவிட்டு எடுங்கள். அந்த ஆரஞ்சுப் பூ ‘செம்பசூசில்’, நம் செண்டுமல்லியேதான். இங்கிருந்துதான் நம்மூருக்கே போனது. முதல் வருஷம் அந்த வாசனைக்கு ஆயுதபூஜை ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

கே: அங்கே வெஜ் கிடைக்குமா?

ப: மேலேயே சொல்லியிருக்கிறேன், படியுங்கள். வணக்கமும் சொல்லவில்லை நீங்கள்.