துருக்கியின் சமன்தாக்: யார் வாழ்கிறார்கள், எதை நம்பிப் பிழைக்கிறார்கள்?

சமன்தாக், துருக்கியின் ஹதாய் மாகாணத்தில் சிரியா எல்லையை ஒட்டி, மத்தியதரைக்கடல் ஓரமாக இருக்கும் சின்ன மாவட்டம். நம் ஊர்க் கணக்கில் ஒரு தாலுகா மாதிரி. வடக்கே மூசா மலை, தெற்கே கெல் மலை. லெபனானில் பிறந்து சிரியா வழியாக வரும் ஆசி ஆறு இங்கேதான் கடலில் கலக்கிறது. நீண்ட மணல் கரையில் பச்சைக் கடலாமைகள் வந்து முட்டையிடும்.

மக்களில் பெரும்பாலோர் அரபு அலவிகள், அதாவது ஷியா இஸ்லாமிலிருந்து கிளைத்த ஒரு பிரிவைச் சேர்ந்த அரபு வம்சத்தினர். மூத்தவர்கள் இன்றும் வீட்டில் அரபு பேசுகிறார்கள். கடற்கரையில் ஹிஸிர் என்ற புனிதருக்கு உள்ள தலத்தை மக்கள் மூன்று முறை சுற்றி வருவார்கள், காரில் வந்தவர்கள் காரிலேயே.

எனக்கு மிகவும் பிடித்தது வகிஃப்லி. துருக்கியில் எஞ்சியிருக்கும் ஒரே ஆர்மேனியக் கிராமம் அது. 1915-இல் ஆர்மேனியர்களை ஓட்டோமான் அரசு நாடுகடத்தியதை எதிர்த்து மூசா மலையில் ஏறிப் போராடிய 4,000-க்கும் மேற்பட்ட இப்பகுதி ஆர்மேனியர்களைப் பிரெஞ்சுக் கப்பல்கள் எகிப்துக்கு மீட்டுச் சென்றன. பிறகு திரும்பினார்கள். முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஹதாய் 1939-இல் துருக்கியோடு இணைந்தபோது பெரும்பாலோர் லெபனானுக்குப் போய்விட்டார்கள். வகிஃப்லிக்காரர்கள் மட்டும் மண்ணை விடவில்லை. இன்று இயற்கை முறையில் ஆரஞ்சு விளைவிக்கிறார்கள், ஜாம் செய்து விற்கிறார்கள்.

சரி, வருமானம்? ஆரஞ்சு, எலுமிச்சை, காய்கறி, கொஞ்சம் மீன்பிடி. அப்புறம் வளைகுடா நாடுகளில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம். 2023 பிப்ரவரி நிலநடுக்கங்கள் இந்த மாவட்டத்தைக் கடுமையாகச் சிதைத்தன. வீடிழந்த பலர் கூடாரங்களிலும் கன்டெய்னர்களிலும் வாழ வேண்டியிருந்தது.