காலண்டரில் 41 வட்டங்கள்

கேள்வி: என் அண்ணன் ஐந்து மாதத்துக்கு முன் இறந்துவிட்டான். வயது 43. குடிதான் காரணம். எங்கள் அப்பாவும் குடித்தவர். கடைசி சில வருடங்களாக அண்ணன் கடவுளே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். சாவு வீட்டில், எங்கள் குடும்பத்துக்கு வழிகாட்டி மாதிரி இருக்கும் பெரியவர் ஒருவர், "அவனாகத் தேடிக்கொண்டது. மேலே கணக்கு இருக்கிறது, அனுபவிக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து என்னால் பிரார்த்தனை செய்ய முடியவில்லை. அண்ணன் இப்படி ஆவான் என்பது, எல்லாம் அறிந்த கடவுளுக்கு அவன் பிறக்கும் முன்பே தெரியும் அல்லவா? தெரிந்தே படைத்துவிட்டுத் தீர்ப்பும் சொன்னால் அது என்ன நியாயம்? அவனுக்குச் சுயவிருப்பம் என்று ஒன்று இருந்ததா? கல்லூரியில் படிக்கும் என் மகன், அப்படி ஒன்று கிடையாது, விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்கிறான். இப்படி யோசிப்பதே பாவமோ என்று இரவெல்லாம் பயம். தூக்கம் போய்விட்டது. அண்ணன் அறையில் ஒரு காலண்டர் தொங்குகிறது. குடிக்காத நாட்களைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறான். மொத்தம் 41 வட்டங்கள், அப்புறம் ஒன்றும் இல்லை. அம்மா அதைக் கழற்றி எறியச் சொல்கிறார். படம் எடுத்து இணைத்திருக்கிறேன். என் மதம் எது என்று போட வேண்டாம்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். இரண்டு முறை அடித்தும் படிக்க முடிகிறது: "எனக்குக் கடவுள் மேல் கோபம்." மேலே அச்சான கேள்வியில் அதை நான் சேர்க்கவில்லை. ஆனால் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு தத்துவம் பேச என்னால் முடியாது. அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

மதத்தைச் சொல்ல வேண்டாம் என்றீர்கள். அதனால் எல்லா வாசல்களிலும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் கேட்டதைக் கேட்காத மதம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, முன்கூட்டியே தெரிந்திருப்பது. மற்றொன்று, தெரிந்தும் படைத்தது. முதல் கேள்வி என்னை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. போயித்தியஸ் என்ற ரோமானியர், 524ஆம் ஆண்டு வாக்கில், மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் இருந்தபடி இதையே யோசித்தார். ஒருவர் தெருவில் நடந்து போவதை நீங்கள் மாடியிலிருந்து பார்க்கிறீர்கள். நீங்கள் பார்ப்பதால் அவர் நடக்கவில்லை. அவர் நடப்பதால்தான் உங்களுக்குத் தெரிகிறது. காலத்துக்கு வெளியே இருக்கும் கடவுளுக்கு நம்முடைய நேற்றும் நாளையும் ஒரே பார்வையில் விழுகின்றன, அந்தப் பார்வை யாரையும் எதற்கும் தள்ளுவதில்லை என்பது அவருடைய பதில். கழுத்துக்கு மேல் கத்தி தொங்கும்போது இத்தனை நிதானமாக யோசித்த மனிதர் என்பதாலேயே எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றியதாகும். மாடியிலிருந்து பார்ப்பவர் அந்தத் தெருவையும் போடவில்லை, நடப்பவரின் காலையும் செய்யவில்லை. கடவுள் இரண்டையும் செய்தவர். உங்களைத் தூங்க விடாதது அதுதான்.

இதற்கு இஸ்லாமிய மரபில் ஒரு கதை உண்டு. உங்கள் வீட்டுக் கதை மாதிரியே சகோதரர்களைப் பற்றியது. மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டு, இறைவன் நீதிக்கு மாறாக எதையும் செய்வதில்லை என்று வாதிட்ட முஃதஸிலா என்ற பிரிவு ஒன்று இருந்தது. அதன் பெரிய ஆசிரியர் அல் ஜுப்பாயீ. அவரிடம் பயின்ற அபுல் ஹசன் அல் அஷ்அரீ பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பிரிவிலிருந்து விலகினார். ஏன் விலகினார் என்பதற்குத்தான் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

மூன்று சகோதரர்கள் இறந்துபோகிறார்கள். ஒருவன் நல்லவனாக வாழ்ந்து முடித்தவன், ஒருவன் தீயவனாக வாழ்ந்தவன், மூன்றாமவன் குழந்தையிலேயே போனவன். நல்லவனுக்குச் சொர்க்கத்தில் உயர்ந்த இடம். குழந்தை கேட்கிறது: "என்னையும் வளரவிட்டிருந்தால் நானும் நல்லது செய்து அந்த இடத்துக்கு வந்திருப்பேனே?" இறைவன் சொல்வார்: "வளர்ந்தால் நீ கெட்டுப்போவாய் என்று எனக்குத் தெரியும். உன் நன்மைக்காகவே முன்னதாக அழைத்துக்கொண்டேன்." உடனே நரகத்திலிருந்து நடு அண்ணன் கத்துகிறான்: "நானும் கெட்டுப்போவேன் என்று தெரியுமே! என்னை ஏன் குழந்தையாக இருக்கும்போதே கூப்பிட்டுக்கொள்ளவில்லை?" ஆசிரியர் வாயடைத்துப் போனாராம். இது உண்மையிலேயே நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். போகட்டும். பல நூற்றாண்டுகளாக அந்தக் கதை மதக் கல்விக்குள்ளேயே சொல்லப்பட்டு வந்திருக்கிறது, யாரும் அதை மறைத்து வைக்கவில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

வினைக் கொள்கையில் வளர்ந்தவர்கள் வேறு பதில் சொல்வார்கள். கடவுள் பாரபட்சமோ கொடுமையோ காட்டவில்லை, அவரவர் முன்வினைப்படி தருகிறார் என்பது வேதாந்த நூலான பிரம்ம சூத்திரம் தரும் பதில். முதல் பிறவியில் ஏது முன்வினை என்று அந்த நூலே அடுத்துக் கேட்டுக்கொள்கிறது. வினைக்குத் தொடக்கமே இல்லை என்று பதிலும் சொல்கிறது. கேள்வியைக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளிவைத்த மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது. கிறிஸ்தவர்களும் சளைத்தவர்கள் அல்ல. யார் மீட்படைவார்கள் என்பதைக் கடவுள் முன்பே நிர்ணயித்துவிட்டாரா என்ற சண்டையைத் தீர்க்க 1618இல் டச்சு நாட்டின் டோர்ட் நகரில் கூடியவர்கள் கலைய ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. தோற்ற தரப்பின் போதகர்களுக்கு வேலை போனது. சண்டை மட்டும் இன்றுவரை போகவில்லை.

நீங்கள் வள்ளுவரை எதிர்பார்த்திருப்பீர்கள். ஊழைப் போல வலிமை வேறு எதற்கு இருக்கிறது என்று ஒரு குறளில் கேட்டவர், சோர்வில்லாமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார் என்று இன்னொரு குறளில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டையும் ஒட்டவைக்க அவர் மெனக்கெடவே இல்லை.

எனக்கும் ஒட்டவைக்கத் தெரியவில்லை. தெரிந்தவர்களாகக் காட்டிக்கொள்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்கிறேன்.

உங்கள் மகன் சொல்வது அநேகமாக 1983இல் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனையாக இருக்கும். மனதுக்குத் தோன்றும்போது மணிக்கட்டை அசைக்கச் சொன்னார்கள். அசைவுக்கு அரை விநாடி முன்பே மூளையில் தயாரிப்பு தொடங்கிவிட்டது. "அசைக்கப் போகிறேன்" என்ற எண்ணமோ அதற்குப் பிறகுதான் வந்தது, அசைவுக்குச் சுமார் 0.2 விநாடி முன்னால். ஆனால் கடைசி நொடியில் வேண்டாம் என்று தடுக்கும் சக்தி மனதுக்கு உண்டு என்றே லிபெட் நம்பினார். அந்தத் தயாரிப்பு என்பது முன்கூட்டிய முடிவாக இருக்க வேண்டியதில்லை, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம் என்று 2012இல் வேறு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆகவே நிரூபித்தாகிவிட்டது என்பது அவசரம். அதோடு, காரணமே இல்லாமல் மணிக்கட்டை அசைப்பதற்கும் 41 நாள் குடிக்காமல் இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று மகனையே கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய காலண்டர் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஏழெட்டு வட்டங்கள் கோணலாக இருக்கின்றன. ஒன்று மூடவேயில்லை, இன்னொன்று பக்கத்துக் கட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நெடுநாள் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும். (சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். இதைப் படிக்கும் வேறு யாராவது நிறுத்த நினைத்தால் தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.) பத்தாவது வட்டத்துக்கு மேல் கோடு நிதானப்படுகிறது. இருபதுக்கு மேல் எல்லாம் உருண்டையாக இருக்கின்றன.

அண்ணனுக்குச் சுயவிருப்பம் இருந்ததா என்று கேட்டீர்கள். இந்தப் படத்தைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை. குடிநோய் விஷயத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்குப் பரம்பரைதான் காரணம் என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அண்ணன் தொடங்கிய இடமும் நான் தொடங்கிய இடமும் ஒன்றல்ல. குடிக்காமல் இருக்க எனக்கு எந்த முயற்சியும் தேவைப்பட்டதில்லை. அவன் முதல் வட்டத்தைப் போடச் செலவழித்த விருப்பம், நான் வாழ்நாள் முழுக்க எதற்கும் செலவழிக்காத அளவாக இருக்கலாம். 42ஆம் நாளை மட்டும் வைத்துப் பார்த்தால் அவனுக்கு விருப்பமே இல்லை என்பீர்கள், அல்லது எல்லாம் அவன் தப்பு என்பீர்கள். சாவு வீட்டில் பெரியவர் பார்த்தது அந்த ஒரு நாளைத்தான். நானாக இருந்தால் சுதந்திரத்தை உண்டு, இல்லை என்று கேட்க மாட்டேன், யாருக்கு எவ்வளவு இருந்தது என்று கேட்பேன். சிலருக்கு அது பெரிய மைதானம், சிலருக்குக் கால் வைக்கிற அளவு இடம். அந்த அளவு இடத்தில் அண்ணன் 41 நாள் நின்றிருக்கிறான்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. கடும் பாவம் என்று சொல்ல முழு அறிவும் மனமார்ந்த சம்மதமும் வேண்டும் என்பது கத்தோலிக்க மறைக்கல்வி. அச்சம், பழக்கம் போன்றவை ஒரு செயலின் பொறுப்பைக் குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. விழிக்கும் வரை தூங்குபவர், வளரும் வரை குழந்தை, தெளியும் வரை சித்தம் கலங்கியவர், இந்த மூவர் கணக்கிலும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழி. மேலே கணக்கு இருக்கிறது என்று பெரியவர் சொன்னாரே, இருக்கட்டும். கணக்கு என்றால் வரவும் எழுத வேண்டும் இல்லையா? அண்ணனின் வரவு அவருக்கு எப்படித் தெரிந்தது? எல்லாம் அறிந்தவரிடம்தான் தீர்ப்பு என்று நம்புகிறவர் அந்த நாற்காலியில் தானே ஏறி உட்காரக் கூடாது. நினைவு நாளுக்கு அவர் மறுபடி வந்து அதையே ஆரம்பித்தால் சண்டை வேண்டாம். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை அவர் முகத்தையே பாருங்கள்.

பைபிளில் வரும் யோபுவின் கதை தெரிந்திருக்கும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடப்பவரிடம் வந்த நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், கடவுள் தப்பாகத் தண்டிக்க மாட்டார் என்கிறார்கள். யோபுவோ கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களை. என் ஊழியன் யோபுவைப் போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்களுக்குக் கிடைத்த பரிசு அது!

இப்போது நீங்கள் அடித்த அந்த வரி. கொடுத்த வாக்கை மீறியதற்காகச் சிவனடியார் சுந்தரர் பார்வையை இழந்தார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. தெய்வத் தீர்ப்புக்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடையாது. அவர் திருவாரூரில் சிவன் முன் நின்று பாடியதைக் கேளுங்கள்: "விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன் விரும்பி ஆட்பட்டேன்." நான் அடமானப் பொருள் இல்லை, என் விருப்பத்தில்தான் உமக்கு ஆளானேன் என்கிறார். அடுத்து "நீரே பழிப்பட்டீர்" என்கிறார். பழி உமக்குத்தான்! ஒவ்வொரு பாட்டு முடிவிலும் "வாழ்ந்து போதீரே." நம் பேச்சில் சொன்னால், நீராவது நல்லா இரும் சாமி என்கிற குத்தல். இது சைவர்களின் புனித நூலான திருமுறையில் இருக்கிறது. இன்றும் பக்தியோடு ஓதுகிறார்கள். "விரும்பி ஆட்பட்டேன்" என்று சொல்ல முடிந்தவருக்குத்தான் "நீரே பழிப்பட்டீர்" என்றும் சொல்ல வாய் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே, பிரார்த்தனை செய்ய முடியவில்லை என்றால் பழைய பிரார்த்தனைகளைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். அடித்த வரியை அடிக்காமல் சொல்லிப் பாருங்கள், சத்தமாகவே. கேட்பவர் இருந்தால் கேட்கட்டும். யாரும் இல்லை என்று ஒரு நாள் உங்களுக்கே தோன்றினாலும் இடி விழாது. அண்ணன் அங்கேதான் போய் நின்றான், அவனோடு கொஞ்ச நேரம் நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் தண்டனை உண்டோ என்று பயந்தால் ஒன்றை யோசியுங்கள். அண்ணனுக்கு அநியாயம் நடக்கக் கூடாது என்ற துடிப்பில் பிறந்த சந்தேகம் இது. அந்தத் துடிப்பைக் குற்றமாக எழுதிக்கொள்ளும் கடவுளை, நம்பிக்கையோடு இருந்த நாட்களில்கூட நீங்கள் கும்பிட்டிருக்க மாட்டீர்கள்.

தூக்கமின்மை வேறு விஷயம். ஐந்து மாதம் என்பது நீண்ட காலம். ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

காலண்டரை எறியாதீர்கள். கழற்றி உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அம்மாவைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், அவர் கண்ணுக்கு 41க்குப் பிறகு வரும் வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும். ஆனால் கொண்டுபோகும் முன், அம்மா நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு பொழுது பார்த்து, முதல் வாரத்தையும் நான்காம் வாரத்தையும் மட்டும் காட்டுங்கள். கை நடுக்கம் நின்றதை அவரும் கவனித்தாரா என்று கேளுங்கள்.