சயாம் ரயில் கல்லறையில் படம் எடுக்க ஏஜென்டுக்குப் பணமா?

கேள்வி: மலாயாவின் பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் இருந்த என் கொள்ளுத்தாத்தாவை ஜப்பான்காரர்கள் சயாம் மரண ரயில் (இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை) வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை. இப்போது குடும்பத்தோடு தாய்லாந்தின் காஞ்சனபுரி போகிறோம். படமெடுத்து மகன் யூடியூபில் போடுவான். படம் எடுக்க அனுமதி வாங்கி, அவர் கல்லறையையும் காட்டுவதாக ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சொந்த நினைவுக்குப் படம் எடுக்க அங்கே அனுமதியும் வேண்டாம், கட்டணமும் இல்லை. கல்லறையைக் காட்டுகிறேன் என்பது அதைவிடப் பெரிய பொய்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள். 415 கிலோமீட்டர் பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தது ஆசியக் கூலிகள்தான். அதில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்குத் தனிக் கல்லறையே கிடையாது. நுழைவுக் கட்டடத்தில் இந்தியப் பெயர்கள் 11 பொறித்திருக்கும். 'இதோ உங்க ஆளுங்க' என்று அதைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். அவர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையினர், தாய்லாந்தின் முஸ்லிம் மயானங்களில் அடக்கமானவர்கள். சிப்பாய்க்குப் பெயர், எண், வெண்கலத் தகடு எல்லாம் உண்டு. கூலிக்கு ஒரு பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காக இல்லை. அலுவலகம் அலுவலகமாக எழுதிப் பார்த்து அலுத்துப்போனவன் நான். ஒவ்வொருவரும் அடுத்த கதவைத்தான் காட்டுகிறார்கள்.

நீங்கள் போக வேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது: வாட் தாவோர்ன் வராராம் என்ற வியட்நாமிய பௌத்தக் கோவில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்து, மேலே நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். தமிழர்களுக்கு ஒரு நடுகல்லும் உண்டு. அங்கே தாத்தாவின் படத்தை வைத்துக் கும்பிடுங்கள், அப்புறம் கேமராவை எடுங்கள். பிக்குகளைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள்.

போர்க் கல்லறையில் தகடுகள் சாய்வாக, தாழ்வாக இருக்கும். உச்சிவெயிலில் பளபளத்து எழுத்து தெரியாது; காலையில் போங்கள். எழுத்து தெரிய மாவு, சுண்ணக்கட்டி தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். மேலே உட்கார்ந்து போஸ் கொடுப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். உங்கள் மகன் யூடியூபில் போடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பப் பயணம் என்று போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் விளம்பரதாரரிடம் காசு வாங்கி எடுத்தாலோ, குழு, விளக்கு, மைக்கோடு போனாலோ, அது வணிகப் படப்பிடிப்பு. அதற்கு, இந்தக் கல்லறையைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கு முன்கூட்டியே நீங்களே எழுதி அனுமதி வாங்க வேண்டும். இங்கேதான் ஏஜென்ட் மூக்கை நுழைப்பார். கையில் ஒரு ரசீதைத் திணிப்பார். ஆணையத்தின் பதில் உங்கள் பெயருக்கு வராவிட்டால் அது வெறும் காகிதம்.

குவாய் ஆற்றுப் பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. தண்டவாளத்தில் செல்ஃபி வேண்டாம், ஒதுங்கி நிற்க ஓரத்தில் மேடைகள் உண்டு.

ட்ரோனா? தாய்லாந்தில் அதற்குப் பதிவு, காப்பீடு என்று தனிக் கூத்து. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.