மிதக்கும் பிளாஸ்டிக்கைக் காணும் கேமரா

கேள்வி: கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கைத் தானாகவே அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவுக் கேமராவைக் குறைந்த செலவில் செய்து, எங்கள் ஊர் வள்ளத்தில் பொருத்த இயலுமா?
– பொறியியல் மாணவர், குளச்சல்.

பதில்: இயலும். 2021இல் 15 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ என்னும் சிறு கணினி, அதற்குரிய கேமரா, மெமரி கார்டு, பவர் பேங்க் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். படத்திலுள்ள பொருள்களை அடையாளம் காணும் யோலோ (YOLO) வகைச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளில் மிகச் சிறியதை எடுத்துக்கொண்டால், இணையம் இல்லாத நடுக்கடலிலும் அது வள்ளத்திலேயே இயங்கும். வேகத்தை மட்டும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையான உழைப்பு படங்களைச் சேர்ப்பதில்தான் இருக்கிறது. மணலில் கிடக்கும் பாட்டில்களின் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த மாதிரி, அலை நுரையையும் வெயிலின் பளபளப்பையும் சொறிமீனையும் பாலித்தீன் பை என்றே சொல்லும். ஆகவே, குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் தேங்காப்பட்டணம் போன்ற இடங்களில், மழைக்குப் பிறகும், காலை, உச்சி, மாலை என வெவ்வேறு வெளிச்சங்களிலும் நீங்களே படமெடுத்து, பிளாஸ்டிக் இல்லாத வெறும் நீரின் படங்களையும் தாராளமாகச் சேர்த்துப் பயிற்றுவியுங்கள். லென்சின் முன் போலரைசிங் ஃபில்டரைப் பொருத்தினால் நீர்ப்பரப்பின் கூசும் ஒளி பெருமளவு குறையும். அகச்சிவப்பு வடிகட்டி நீக்கப்பட்ட கேமராவும் கிடைக்கிறது. அதன் முன் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் ஃபில்டரைப் பொருத்தினால், அண்மை அகச்சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சிக்கொள்வதால் கடல் கறுத்தும், மிதக்கும் பொருள் வெளிறியும் தெரியும். ஆனால் நுரையும் அப்படியே வெளிறித் தெரியும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது.

மூழ்கிய வலைத்துண்டுகள் இக்கேமராவுக்குப் புலப்படா. ஜிபிஎஸ் கருவியையும் இணைத்து, ஒவ்வொரு படத்துடனும் இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்யுங்கள். உப்புக் காற்று மின்னிணைப்புகளை அரித்துவிடும். கேமராவின் விலையில் மிச்சம் பிடித்தாலும், நீர்புகாப் பெட்டியின் விலையில் மிச்சம் பிடிக்காதீர்கள்.